புகைமூட்டத்தில் அறிமுகமானவர்

2015-இல் புகைமூட்டத்தால் கிள்ளான் வட்டாரத்தில் பள்ளிகள் மூடப்பட்டபோது, எல்லார் வாயிலும் எல் நினோ. சுமத்ராவில் காட்டுத்தீ பரவ, அது கொண்டுவந்த வறட்சியும் ஒரு காரணம். அதைப் பற்றித் தேடிப் படித்தபோதுதான் கில்பர்ட் வாக்கர் எனக்கு அறிமுகமானார்.

1868-இல் இங்கிலாந்தில் பிறந்த கணித மேதை. பூமராங் எறிவதில் பித்து. வானிலை படித்தவரே அல்லர். ஆனாலும் 1904-இல் இந்திய வானிலைத் துறையின் தலைவரானார். 1899-இல் பருவமழை பொய்த்துப் பெரும்பஞ்சம் வந்திருந்தது. அடுத்த வறட்சியை முன்கூட்டியே சொல்ல வேண்டும், அதுதான் வேலை.

கணினி ஏது? உலகின் பல மூலைகளிலிருந்து வந்த காற்றழுத்தக் குறிப்புகளை இந்திய எழுத்தர்கள் கையாலேயே கணக்கிட்டார்கள். (பாதிப் புகழ் அவர்களுக்குச் சேர வேண்டும் என்பேன்.) தராசு போன்ற ஓர் ஆட்டம் தெரிந்தது: பசிபிக்கின் கிழக்கே அழுத்தம் இறங்கினால் இந்தோனேசியா பக்கம் ஏறும், அங்கே மழை குறையும். அதற்குத் தென் அலைவு என்று பெயரிட்டார்.

1913-இல் சென்னை வந்தவர், துறைமுக எழுத்தர் ராமானுஜனின் கணிதத்தைப் பார்த்துப் பல்கலைக்கழகத்துக்குப் பரிந்துரைத்ததும் உண்டு.

பருவமழைக் கணிப்பு மட்டும் அவருக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. 1958-இல் மறைந்தார். 1969-இல்தான் பியர்க்னஸ் என்ற அறிஞர், கடல் சூடேறும் எல் நினோவையும் அந்தத் தராசையும் இணைத்துக் காட்டி, பசிபிக் காற்றோட்டத்துக்கு வாக்கர் சுழற்சி என்று பெயர் வைத்தார்.