அணில் வழங்கிய கோமகனார்

பெரியோர் எனப் பெயர் பெற்றவர்தம் வரலாறுகளைப் படிக்குங்கால் அவர்தம் நற்செயல்களை எண்ணி மகிழ்கின்றோம். கொடியோர் வரலாறுகளைப் படிக்குங்கால் அவர்தம் தீச்செயல்களை எண்ணி வருந்துகின்றோம். ஆயின், ஒருவரே, ஒரே மனத்தோடும் ஒரே கொடைக்கையோடும், ஓர் உயிர்க்குலத்தை அழிவினின்றும் மீட்டு, மற்றோர் உயிர்க்குலம் அழிதற்கு வழியும் திறந்து வைத்தார் எனின், அவரை யாங்ஙனம் மதிப்பிடுவது? அத்தகையார் ஒருவர் ஆங்கில நாட்டில் வாழ்ந்தார். அவரே பெட்போர்டு நாட்டின் பதினோராம் கோமகனாராகிய ஹெர்ப்ராண்ட் ரஸ்ஸல் என்பார். அவர்தம் வாழ்க்கையை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

பிறப்பும் இளமையும்

ஹெர்ப்ராண்ட் ஆர்தர் ரஸ்ஸல் 1858-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 19-ஆம் நாள் பிறந்தார். அவர் பிறந்த குடி இங்கிலாந்தின் பழம்பெருங் குடிகளுள் ஒன்று. இலண்டன் மாநகரின் நடுவே பல தெருக்களும் கடைவீதிகளும் அக்குடிக்கு உரிமையாய் இருந்தன. பெட்போர்டு நாட்டிலுள்ள வோபர்ன் மாளிகை அக்குடியினரின் உறைவிடம். முன்னாளில் துறவியர் மடமாய் இருந்த அவ்விடம் எட்டாம் ஹென்றி மன்னன் காலத்து மடங்கள் கலைக்கப்பட்டபின் ரஸ்ஸல் குடியினர் கைப்பட்டது. மாளிகையைச் சூழப் பரந்த புல்வெளிகளும் முதுமரச் சோலைகளும் அமைந்த பெரும்பூங்கா ஒன்று உண்டு. நம் வரலாற்றிற்கு மாளிகையினும் அப்பூங்காவே சிறப்புடையது.

ஹெர்ப்ராண்ட் இரண்டாம் மகனாதலின், கோமகன் பட்டம் தமக்கு வருமென எண்ணி வளர்ந்தவர் அல்லர். ஆக்ஸ்போர்டில் பேலியல் கல்லூரியிற் பயின்று, 1879-இல் கிரெனேடியர் காவற்படையிற் சேர்ந்து, 1882-இல் எகிப்து நாட்டுப் போரிற் கலந்துகொண்டார். பின்னர் இந்தியாவிற்கு வந்து, அரசப் பிரதிநிதியாய் விளங்கிய டப்ரின் பிரபுவின் அணுக்கப் படையதிகாரியாய்ப் பணியாற்றினார். லாகூர் ஆர்ச்டீக்கனாய் இருந்த டிரைப் என்பாரின் மகளார் மேரி அம்மையாரை 1888-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில், கல்கத்தாவை அடுத்த பாரக்பூரில் மணந்தார். இவ்வம்மையார் பிற்காலத்தில் முதுமையிலும் ஆகாய விமானம் ஓட்டிப் புகழ்பெற்றவர். 1929-இல் இங்கிலாந்தினின்று கராச்சிக்கு வானவழியே சென்று எட்டே நாட்களில் மீண்டு உலகை வியப்பித்தவர்.

கோமகனாதல்

1891-இல் தந்தையார் இறந்தார். அவர்க்குப்பின் பட்டமெய்திய தமையனாரும் ஈராண்டு கடந்த சின்னாளில் உயிர் நீத்தார். எனவே 1893-இல், தம் முப்பத்தைந்தாம் வயதில், ஹெர்ப்ராண்ட் பெட்போர்டின் பதினோராம் கோமகனானார். அளவிறந்த செல்வமும் பரந்த நிலமும் அவர் கைக்கு வந்தன.

மாந்தரோடு கலந்து பழகும் இயல்பு அவர்க்கு மிகக் குறைவு. விருந்தும் கேளிக்கையும் அவர் நாடியவை அல்ல. விலங்குகளிடத்தோ அவர்க்கிருந்த அன்பு பெரிது. உலகின் பல பகுதிகளினின்றும் மான்களையும் காட்டெருதுகளையும் காட்டுக் குதிரைகளையும் வரவழைத்து வோபர்ன் பூங்காவில் வளர்த்தார். 1899 முதல் 1936 வரை, முப்பத்தேழு ஆண்டுகள், இலண்டன் விலங்கியற் சங்கத்தின் தலைவராய் வீற்றிருந்தார். 1908-இல் இராயல் சங்கம் அவரைத் தன் உறுப்பினராக ஏற்றது. விலங்குகளை இருப்புக் கூண்டில் அடையாது, அகன்ற வெளிகளில் உலவவிடும் விப்ஸ்னேட் விலங்குச்சாலை 1931-இல் திறக்கப்பட்டதும் அவர் தலைமைக் காலத்திலேயாம்.

சீனத்து மானை மீட்டமை

அவர் செய்த நற்செயல்களுள் தலையாயது ஒன்றுண்டு. சீன நாட்டில் மிலு எனப்படும் மானினம் ஒன்று வாழ்ந்தது. குதிரை முகமும், கழுதை வாலும், மாட்டுக் குளம்பும், மான் கொம்பும் உடையதாகச் சீனர் அதனை வருணிப்பர். காட்டில் அது முன்னரே அற்றொழிந்தது. பீக்கிங் நகர்ப்புறத்தே, மதில் சூழ்ந்த அரசர் வேட்டைப் பூங்காவில் மட்டுமே எஞ்சியிருந்தது. 1865-இல் பிரெஞ்சுப் பாதிரியாராகிய அர்மாண்டு டேவிட் என்பார் அம்மதிலுக்கு அப்பால் அதனைக் கண்டு மேனாட்டார்க்கு அறிவித்தார். அதனால் அது அவர் பெயராலேயே வழங்கலாயிற்று. அதன்பின் சில மான்கள் ஐரோப்பிய விலங்குச்சாலைகளுக்கு அனுப்பப்பெற்றன.

சில பத்தாண்டுகளுக்குள் பேரிடர் நேர்ந்தது. வெள்ளம் மதிலை உடைத்தது. வெளியேறிய மான்களைப் பசியால் வாடிய மக்கள் கொன்று தின்றனர். எஞ்சியவை 1900-ஆம் ஆண்டுக் கலகத்தின்போது படைவீரர்க்கு இரையாயின. இதனை உணர்ந்த கோமகனார், ஐரோப்பிய விலங்குச்சாலைகளில் இங்கொன்றும் அங்கொன்றுமாய் இருந்தவற்றைத் தேடி, பதினெட்டு மான்களை வோபர்னில் ஒருங்கு சேர்த்தார். அவை பெருகின. முதல் உலகப் போரில் உணவு முட்டுப்பட்டுப் பல இறந்தும், மந்தை முற்றும் அழியவில்லை. இன்று உலகில் உயிரோடிருக்கும் மிலு மான்கள் அனைத்தும் அம்மந்தையின் வழிவந்தவையே. 1985-இல் கோமகனாரின் கொள்ளுப் பேரனார் அவற்றுட் சிலவற்றைச் சீன நாட்டிற்கே திருப்பி அனுப்பினார். அவை பழைய வேட்டைப் பூங்கா இருந்த இடத்திலேயே விடப்பட்டன. இன்று அந்நாட்டில் அவை ஆயிரக்கணக்கிற் பெருகியுள்ளன. ஒரு தனி மனிதர் ஓர் உயிர்க்குலத்திற்குச் செய்த உதவியில் இதனினும் பெரிது கூறல் அரிது.

அணிற்கொடை

இனி மற்றொரு பக்கத்தைக் காண்போம். நம் நாட்டு அணில் முதுகிற் கோடுடையது. பிரிட்டனுக்கு உரிய அணிலோ கோடற்றது, செந்நிறம் வாய்ந்தது, குளிர்காலத்திற் காதின் நுனியில் மயிர்க்குஞ்சம் பூண்பது. வட அமெரிக்காவிற்கு உரிய சாம்பல் அணில் இதனினும் உடல் பருத்தது; எடையில் ஏறத்தாழ இருமடங்கு எனலாம். மக்களைக் கண்டு எளிதில் அஞ்சாது, பூங்காக்களில் கைக்கெட்டும் அளவில் வந்து விளையாடுவது. புதியதொரு விலங்கைத் தம் சோலையிற் காணும் ஆசையால், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிற் செல்வர் பலர் அதனைக் கடல் கடந்து வருவித்தனர்.

முதற்கண் கொணர்ந்தவர் நம் கோமகனார் அல்லர். 1876-இல் செஷயர் நாட்டு ஹென்பரிப் பூங்காவில் பிராக்கிள்ஹர்ஸ்ட் என்பார் விடுத்ததே பதிவுபெற்ற முதல் நிகழ்ச்சி. 1890-இல், கோமகனாரின் தந்தையார் காலத்தில், நியூ ஜெர்சியினின்று வந்த பத்து அணில்கள் வோபர்ன் பூங்காவில் விடப்பட்டன. அப்பத்தும் சோலை நிறையப் பெருகின. கோமகனார் அவற்றைக் கண்டு மகிழ்ந்தார். மகிழ்ந்ததோடு அமையாது, நண்பர்க்கும் உறவினர்க்கும் பூங்காக்களுக்கும் பரிசாக வழங்கலானார். இலண்டன் ரீஜெண்டுப் பூங்காவில் இந்நூற்றாண்டிற்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்தே அவர் விடுத்த அணில்கள் அந்நகர்ச் சுற்றுப்புறமெங்கும் பரவின. முதல் உலகப் போருக்குச் சற்று முன்னர், வோபர்ன் அணில்கள் ஐரிஷ் கடலையும் கடந்து லாங்போர்டு நாட்டிலுள்ள பார்ப்ஸ் கோட்டையை அடைந்தன. 1876 முதல் 1929 வரை பிரிட்டனில் ஏறத்தாழ முப்பது இடங்களில் இவ்வணில்கள் விடப்பட்டன. அவற்றுட் பலவற்றிற்கு ஊற்றாய் அமைந்தது வோபர்ன் பூங்காவே.

கொடுத்தவர் நெஞ்சில் தீமை இல்லை. பெற்றவர் நெஞ்சிலும் இல்லை. அழகியதொரு விலங்கு, விலையின்றிக் கிடைக்கும் பரிசு. வேண்டாம் என்பார் யார்?

செவ்வணிலின் வீழ்ச்சி

சாம்பல் அணில் செவ்வணிலைக் கடித்துக் கொன்று துரத்திற்று என எண்ணுதல் தவறு. அது வென்றது உணவாலும் நோயாலும். ஓக் மரத்துக் கொட்டைகளைச் சாம்பல் அணிலின் வயிறு நன்கு செரிக்கும். செவ்வணிலின் வயிறு அத்துணைச் செரியாது. மற்றைக் கொட்டைகளையும் சாம்பல் அணில் முற்றுமுன்னரே தின்றுவிடும். செவ்வணில் குளிர்காலத்திற்கென மண்ணிற் புதைத்து வைத்தவற்றையும் தோண்டி எடுக்கும். உணவு குறையவே செவ்வணிலின் குட்டிகள் குறைந்தன. இதனினும் கொடிது அணிலம்மை நோய். சாம்பல் அணில் அந்நோயின் நுண்கிருமியைத் தாங்கியும் பெரும்பாலும் நோயுறாது. செவ்வணிலைத் தொற்றினாலோ கண்ணும் வாயும் புண்ணாகி, இரண்டொரு வாரங்களில் அது மடியும். இக்கிருமி பரவிய இடங்களிற் செவ்வணிலின் வீழ்ச்சி பன்மடங்கு விரைந்தது.

மரங்களும் துன்புற்றன. இளமரங்களின் பட்டையைச் சாம்பல் அணில் உரித்துத் தின்னும். பீச்சு, ஓக் முதலிய மரங்கள் அதனாற் பட்டுப் போயின. உழவரும் காடு வளர்ப்போரும் முறையிட்டனர். ஆக்ஸ்போர்டு ஆராய்ச்சியாளராகிய மிடில்டன் என்பார் இப்பரவலை ஊர் ஊராக ஆராய்ந்து 1931-இல் நூலொன்று வெளியிட்டார். 1937-இல் அரசாங்கம் சாம்பல் அணிலைக் கொணர்தலையும் வைத்து வளர்த்தலையும் தடுத்து ஆணை பிறப்பித்தது. 1950-களில் அணில் வாலொன்றிற்கு ஒரு ஷில்லிங் எனப் பரிசு கொடுத்தும் பார்த்தது. பயன் விளையவில்லை.

நடுநிலை பிறழாது கூறின், செவ்வணிலின் அழிவு முழுவதையும் சாம்பல் அணிலின் தலையில் ஏற்றலாகாது. காடுகள் வெட்டுண்டமையாலும் வேறு நோய்களாலும் அது முன்னரே பல இடங்களில் நலிந்திருந்தது. ஆயினும், நலிந்தது மீண்டும் தலையெடுக்க இடமின்றிச் செய்தது சாம்பல் அணிலே என்பதில் ஐயமில்லை.

இறுதி நாட்கள்

1937-ஆம் ஆண்டு கோமகனார்க்குத் துயர் தந்த ஆண்டு. மார்ச்சுத் திங்கள் 22-ஆம் நாள், எழுபத்தொரு வயதினராகிய மேரி அம்மையார் தனியே விமானமேறிச் சென்றவர் திரும்பவேயில்லை. அணிலைத் தடுக்கும் ஆணை பிறந்ததும் அவ்வாண்டிலேயாம். தம் குடியினர் வளர்த்து வழங்கிய விலங்கு சட்டத்தால் விலக்கப்பட்ட விலங்காயினமையை அவர் உயிரோடிருந்து கண்டார். மூன்றாண்டு கழித்து, 1940-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 27-ஆம் நாள், தம் எண்பத்திரண்டாம் வயதில் இறந்தார்.

அவர் மறைந்தபின்னும் அவர் கொடை நின்றபாடில்லை. 2016-இல் இலண்டன் இம்பீரியல் கல்லூரி ஆராய்ச்சியாளர் அணில்களின் மரபணுக்களை ஒப்பிட்டு நோக்கி, சாம்பல் அணில் தானாகவே நாடெங்கும் பரவிற்று என்னும் பழங்கருத்துப் பெரும்பாலும் பிழையென்றும், மாந்தர் கைகளே அதனை இடந்தோறும் கொண்டு சேர்த்தன என்றும், அக்கைகளுள் முதன்மையானது இக்கோமகனாருடையது என்றும் காட்டினர். 2018-இல் வெளியான மதிப்பீட்டின்படி, பிரிட்டனிற் சாம்பல் அணில்கள் ஏறத்தாழ 27 இலட்சம். செவ்வணில்கள் 3 இலட்சத்திற்கும் குறைவு. அவற்றுட் பெரும்பாலன ஸ்காட்லாந்தில் உள்ளன. இங்கிலாந்தில் வடபகுதிக் காடுகளிலும், வைட் முதலிய சில தீவுகளிலுமே அவை எஞ்சியுள்ளன.

நம்பிக்கை முற்றும் அற்றுவிடவில்லை. வேல்ஸ் நாட்டு ஆங்கில்சித் தீவில், 1998 முதல் பல்லாண்டு முயன்று, சாம்பல் அணிலை அகற்றிச் செவ்வணிலை மீண்டும் குடியேற்றினர். அயர்லாந்தில், மார்ட்டன் எனப்படும் மரமேறும் சிறு வேட்டை விலங்கு மீண்டும் பெருகிய காடுகளிற் சாம்பல் அணில் குறைந்து செவ்வணில் திரும்பியது. பகைவன் எனக் கருதி மாந்தர் முன்னர்க் கொன்றொழித்த விலங்கே இன்று செவ்வணிலுக்குக் காவலாயிற்று.

முடிவுரை

மானைக் காத்த கையும் அணிலைப் பரப்பிய கையும் ஒன்றே. பின்னை வேறுபாடு யாதெனின், கூறுவாம். மானின்பால் கோமகனார் காட்டியது அறிவோடு கூடிய அன்பு. அதன் எண்ணிக்கையை அறிந்தார். அதன் உணவை அறிந்தார். மதிலுக்குள் வைத்துக் காத்தார். அணிலின்பால் காட்டியது ஆராயாத அன்பு. அது செல்லுமிடத்தில் முன்னரே வாழ்வது யாது, அதற்கு வருவது யாது என்னும் வினா எழவேயில்லை. இமயத்து வரையாடுகளை 1904-இலும் 1909-இலும் அவர் நியூசிலாந்திற்குப் பரிசாக அனுப்பியதும் இத்தகையதே. அவை அங்குப் பெருகி மலைச்சாரற் பூண்டுகளை மேய்ந்தழிக்க, அவற்றைக் குறைக்க அந்நாட்டார் இன்றும் உழைத்து வருகின்றனர்.

அக்காலத்தில் இவ்வறிவு எவர்க்கும் இருந்ததில்லை என்று கூறி அவரை முற்றும் விடுவித்தலும், கேடு விளைந்தமையால் அவரை முற்றும் பழித்தலும் பொருந்தா. கல்லூரியிற் பயிலும் நாம் நாளைப் பலர்க்குப் பல கொடுக்கும் நிலையை அடைவோம்: பொருள் கொடுப்போம், புதுமுறை கொடுப்போம், சட்டமும் திட்டமும் கொடுப்போம். கொடுப்பவை நல்லவை என்று நம் உள்ளம் கூறும். ஆயினும், அவை சென்று சேரும் இடத்தில் முன்னரே வாழ்ந்துகொண்டிருப்பவை யாவை என்று ஒருமுறை கேட்டபின் கொடுத்தலே சால்புடைத்து. பொன்னும் நிலமும் கொடுத்தாற் சிலபோது திரும்பப் பெறலாம். உயிருடைய கொடையை எவரும் எளிதில் திரும்பப் பெற்றதில்லை. வோபர்ன் சோலையினின்று கூடைகளிற் புறப்பட்ட அணில்கள் இன்றும் பிரிட்டனின் மரங்களில் ஓடிக்கொண்டிருக்கின்றன.