ஜான் பார்க் ஃபின்லி: டொர்னேடோவை முன்னறிவிக்க முயன்றவர்

வங்கக்கடலில் உருவாகும் புயல் கரையைக் கடக்கச் சில நாள்கள் ஆகும். அது எங்கே நிலைகொண்டுள்ளது, எத்திசையில் நகர்கிறது என்பதை வானிலை நிலையம் நாள்தோறும் அறிவிக்கிறது. மீனவர் கரை திரும்புவர். தாழ்வான பகுதிகளில் வாழ்வோர் முகாம்களுக்குச் செல்வர். ஆனால் இடிமேகத்தின் அடியிலிருந்து யானையின் தும்பிக்கைபோல் இறங்கித் தரையைத் தொடும் சுழற்காற்று அத்தனை அவகாசம் தருவதில்லை. டொர்னேடோ எனப்படும் அக்காற்று பெரும்பாலும் சில நிமிடங்களே நீடிக்கும். அதன் அகலமும் பல வேளைகளில் சில நூறு மீட்டருக்குள் அடங்கிவிடும். ஆயினும் அது மிக வலிமையோடு வீசினால், அது சென்ற தடத்தில் வீடுகள் அடித்தளம் மட்டுமே எஞ்சும்படி பெயர்ந்துபோகும். சில நாள்களில் ஒரே வானிலை அமைப்பிலிருந்து பல டொர்னேடோக்கள் கூட்டமாகத் தோன்றுவதும் உண்டு. உலகில் இவை மிகுதியாக வீசும் நாடு அமெரிக்கா.

அத்தகைய கொடிய நாளை முன்கூட்டியே அறிய இயலுமா? அறிந்தால் அதை மக்களிடம் சொல்லலாமா? இவ்விரு வினாக்களையும் முதன்முதலில் விடாப்பிடியாக எதிர்கொண்டவர் ஜான் பார்க் ஃபின்லி.

இளமையும் பணியும்

ஃபின்லி 1854ஆம் ஆண்டு மிச்சிகன் மாநிலத்தின் ஆன் ஆர்பர் நகரில் பிறந்தார். அம்மாநிலத்தின் வேளாண்மைக் கல்லூரியில் பயின்று பட்டம் பெற்றார். 1877இல் அமெரிக்கப் படையின் தகவல் தொடர்புப் பிரிவில் சேர்ந்தார். அந்நாளில் நாட்டின் வானிலைப் பணியைக் கவனித்து வந்தது அப்பிரிவுதான். பல ஊர்களிலிருந்து காற்றழுத்தம், வெப்பநிலை, காற்றின் திசை ஆகிய விவரங்கள் தந்திவழியாகத் தலைநகர் வாஷிங்டனை அடையும். அவற்றை நிலப்படத்தில் குறித்து, மறுநாள் வானிலை எவ்வாறு இருக்கும் என்று கணிப்பர். செயற்கைக்கோளும் ரேடாரும் இல்லாத காலம் அது.

1879ஆம் ஆண்டு மே மாத இறுதியில் கான்சஸ், மிசௌரி, நெப்ராஸ்கா, அயோவா ஆகிய மாநிலங்களில் இரண்டு நாள்கள் டொர்னேடோக்கள் வீசின. கான்சஸின் இர்விங் என்னும் சிற்றூரைச் சிறிது நேர இடைவெளியில் இரண்டு டொர்னேடோக்கள் அடுத்தடுத்துத் தாக்கின. அழிவை ஆராய்ந்து வருமாறு ஃபின்லி அனுப்பப்பட்டார். சாய்ந்த மரங்கள் எத்திசை நோக்கிக் கிடந்தன, சிதைந்த வீட்டின் பலகைகள் எங்கே போய் விழுந்தன, மேகம் எப்போது கறுத்தது, மழை முந்தியதா காற்று முந்தியதா என்று அவர் ஊர் ஊராகக் குறிப்பெடுத்தார். தப்பிப் பிழைத்த உழவர்களிடம் பொறுமையோடு கேட்டறிந்தார். அந்தப் பயணம் அவருடைய வாழ்வின் போக்கையே மாற்றிவிட்டது.

பின்னர் அவர் பழைய பதிவுகளைத் தேடித் திரட்டினார். 1794 முதல் 1881 வரை அமெரிக்காவில் வீசிய 600 டொர்னேடோக்களின் விவரங்களைத் தொகுத்து அறிக்கையாக வெளியிட்டார். சிதறிக் கிடந்த செய்திகள் ஓரிடத்தில் சேர்ந்தபோது அவற்றின் ஒழுங்கு புலப்பட்டது. பெரும்பாலான டொர்னேடோக்கள் தென்மேற்கிலிருந்து வடகிழக்கு நோக்கி நகர்ந்தன. வசந்த காலத்திலும் கோடையின் தொடக்கத்திலும், பிற்பகல் வேளையில் அவை மிகுந்தன. காற்றழுத்தத் தாழ்வு மையத்திற்குத் தென்கிழக்கே, தெற்கிலிருந்து வரும் ஈரமான வெப்பக் காற்றும் வடமேற்கிலிருந்து வரும் குளிர்காற்றும் நெருங்கும் பகுதியே அவற்றின் பிறப்பிடமாக இருந்தது. எனவே காலையில் வரையும் நிலப்படத்தைக் கொண்டே மாலையில் ஆபத்து எப்பகுதியில் மிகும் என்று சொல்லலாம் என ஃபின்லி நம்பினார்.

நிலப்படம் மட்டும் போதாது என்பதையும் அவர் உணர்ந்திருந்தார். சிற்றூர்களில் வாழ்ந்த ஆர்வமுள்ளோரைக் கடிதம்வழியே கண்டறிந்து, டொர்னேடோ பற்றிய செய்திகளை அனுப்பும் பொறுப்பை அவர்களிடம் ஒப்படைத்தார். 1884இல் ஏறத்தாழ 950 பேராக இருந்த அவர்கள், மூன்றாண்டுகளில் இரண்டாயிரத்திற்கும் மேற்பட்டோராகப் பெருகினர்.

1884ஆம் ஆண்டுச் சோதனை

1884 பிப்ரவரி 19 அன்று அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களில் ஒரே நாளில் ஏறத்தாழ 60 டொர்னேடோக்கள் வீசின. மாண்டோர் எத்தனை பேர் என்பது இன்றுவரை உறுதியாகத் தெரியவில்லை. அதற்கு அடுத்த மாதமே ஃபின்லி தம் சோதனையைத் தொடங்கினார். ராக்கி மலைத்தொடருக்குக் கிழக்கே உள்ள நிலப்பரப்பை 18 வட்டாரங்களாகப் பிரித்தார். ஒவ்வொரு வட்டாரத்திலும் குறிப்பிட்ட சில மணி நேரத்திற்குள் டொர்னேடோ தோன்றுமா, தோன்றாதா என்று நாள்தோறும் கணித்தார். இது சோதனை என்பதால் மக்களுக்கு அறிவிக்கப்படவில்லை.

மூன்று மாத முடிவில் 2,803 கணிப்புகள் சேர்ந்திருந்தன. அவற்றுள் 2,708 சரியாக அமைந்தன. நூற்றுக்கு 96.6 விழுக்காடு வெற்றி! ஃபின்லி பெருமிதம் கொண்டதில் வியப்பில்லை.

ஆனால் குரோவ் கார்ல் கில்பர்ட் என்னும் நிலவியல் அறிஞர் அக்கணக்கைக் கூர்ந்து நோக்கினார். மாணவர்களும் ஒரு தாளை எடுத்து இதைப் போட்டுப் பார்க்கலாம். டொர்னேடோ வரும் என்று ஃபின்லி 100 முறை கணித்தார். அவற்றுள் 28 முறை வந்தது, 72 முறை வரவில்லை. வராது என்று 2,703 முறை கணித்தார்; அவற்றுள் 23 முறை அது வந்துவிட்டது. ஆக, டொர்னேடோ உண்மையில் வந்தது 51 முறை. வானத்தையே பாராத ஒருவர் ஒவ்வொரு நாளும் வராது, வராது என்றே சொல்லியிருந்தால் 2,752 முறை அவர் சொன்னது பலித்திருக்கும். அது 98.2 விழுக்காடு! ஃபின்லியைவிட அவருக்கே மதிப்பெண் கூடுதல். ஆனால் அவருடைய சொல்லால் ஓர் உயிரும் காப்பாற்றப்பட்டிருக்காது.

அரிதாக நிகழும் ஒன்றை, எத்தனை முறை சரி என்று மட்டும் எண்ணி மதிப்பிட முடியாது என்பதைக் கில்பர்ட் தெளிவாக்கினார். வந்தவையும் வரும் என்று சொல்லப்பட்டவையும் சேர்ந்த 123 நிகழ்வுகளுள் 28 பலித்தன என்று கணக்கிடுவதே அவர் காட்டிய வழி. அதன்படி ஃபின்லியின் வெற்றி ஏறத்தாழ 23 விழுக்காடு. கில்பர்ட்டின் இம்முறை பிற்கால வானிலை அறிஞர்களால் இன்றளவும் பயன்படுத்தப்படுகிறது.

இதனால் ஃபின்லியின் உழைப்பு வீணாயிற்று என்று கருதுவது தவறு. தந்தியையும் நிலப்படத்தையும் மட்டுமே துணையாகக் கொண்டு, 51 நிகழ்வுகளில் பாதிக்கு மேற்பட்டவற்றை அவர் முன்னரே உணர்ந்திருக்கிறார். ஆனால் அவர் விடுக்கக்கூடிய நான்கு எச்சரிக்கைகளில் ஏறத்தாழ மூன்று பொய்த்துப் போகும். இத்தகைய எச்சரிக்கையை மக்களிடம் சொல்வதா, மறைப்பதா? சிக்கல் அங்கேதான் எழுந்தது.

தடைசெய்யப்பட்ட சொல்

ஃபின்லிக்கு ஆதரவளித்த தலைமை அதிகாரி வில்லியம் ஹேசன் 1887இல் மறைந்தார். அவருக்குப் பின் பொறுப்பேற்றவர் அடால்ஃபஸ் கிரீலி. வடதுருவப் பகுதிக்கு 25 பேர் கொண்ட குழுவாகச் சென்று, மீட்புக் கப்பல் உரிய காலத்தில் வராமல் பசியால் பலர் மடிய, உயிருடன் திரும்பிய அறுவருள் ஒருவர் அவர். ஆபத்து இன்னதென்று அறியாதவர் அல்லர். எனினும், டொர்னேடோ வரும் என்று அறிவித்தால் எழும் பீதி அக்காற்றைவிட மிகுந்த தீங்கை விளைவிக்கும் என்று அவருடைய துறை கருதியது. டொர்னேடோ என்னும் சொல்லையே வானிலை அறிவிப்பில் பயன்படுத்தலாகாது என்பது நடைமுறையாயிற்று. 1891இல் வானிலைப் பணி படையிடமிருந்து பொதுத் துறைக்கு மாறியது. அந்தத் தடை மட்டும் மாறவில்லை. 1938 வரை அது நீடித்தது.

மக்கள் அஞ்சி ஓடுவர் என்று அதிகாரிகள் எண்ணினர். என்ன செய்வது என்று தெரிந்தால் மக்கள் ஓடமாட்டார்கள் என்று ஃபின்லி எண்ணினார். 1887இல் அவர் வெளியிட்ட நூல் டொர்னேடோவின் இயல்பை மட்டும் விளக்கவில்லை. உயிரையும் உடைமையையும் காக்கும் வழிகளையும் கூறியது. வானில் எவ்வகை மேகத்தைக் கண்டால் எச்சரிக்கையாக இருக்க வேண்டும், திறந்த வெளியில் அகப்பட்டவர் எப்பக்கம் விலக வேண்டும் என்று அது விளக்கியது. வீட்டருகே நிலவறை ஒன்றை முன்னரே தோண்டி வைத்துக்கொள்ளுமாறு அறிவுறுத்தியது. காற்று மேகத்தில் திரளும் முன்பே புகலிடம் ஆயத்தமாக இருக்க வேண்டும் என்பதே அவருடைய நோக்கம்.

அவருடைய அறிவுரைகள் எல்லாம் காலத்தை வென்று நிற்கவில்லை. இடிபாடுகள் வடகிழக்கு நோக்கி வீசப்படும் என்பதால் வீட்டின் தென்மேற்கு மூலையே பாதுகாப்பானது என்னும் கருத்து நெடுங்காலம் நிலவியது. 1966இல் கான்சஸின் டொபீகா நகரைத் தாக்கிய டொர்னேடோவுக்குப் பின் நடந்த ஆய்வு அதை மறுத்தது. இன்று நிலவறை அல்லது கட்டடத்தின் கீழ்த்தளத்தில் சன்னல் இல்லாத சிறிய உள்ளறையே தக்க இடம் எனச் சொல்லப்படுகிறது. நகரக்கூடிய இலகு வீடுகளில் வாழ்வோர் முன்னதாகவே வெளியேறி உறுதியான கட்டடத்தை அடைய வேண்டும்.

ஃபின்லி டொர்னேடோ ஆய்விலிருந்து விலக்கப்பட்டுப் படையின் வேறு பணிகளுக்கு மாற்றப்பட்டார். பிலிப்பைன்ஸ் தீவுகளில் சம்போவாங்கா மாவட்டத்தின் ஆளுநராகப் பல ஆண்டுகள் இருந்தார். அவர் முதுமையை எட்டியிருந்தபோது, 1925 மார்ச் 18 அன்று, மிசௌரி, இல்லினாய், இந்தியானா ஆகிய மூன்று மாநிலங்களைக் கடந்து ஒரு டொர்னேடோ சென்றது. மூன்றரை மணி நேரத்தில் ஏறத்தாழ 350 கிலோமீட்டர் தொலைவு அது பயணம் செய்தது. 695 பேர் உயிரிழந்தனர். அத்தனை நேரம் நகர்ந்தும், அது அடுத்துச் செல்லவிருந்த ஊர்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை.

1943இல் தம் 89ஆம் வயதில் ஃபின்லி காலமானார்.

ஐந்தாண்டுகள் கழிந்தன. 1948 மார்ச் 20 அன்று ஒக்லஹோமா மாநிலத்தின் டிங்கர் விமானப்படைத் தளத்தை டொர்னேடோ தாக்கிப் பல விமானங்களை நொறுக்கியது. இத்தகைய காற்றை முன்னறிய முடியுமா என்று ஆராயும் பணி, அத்தளத்தின் வானிலை அதிகாரிகளான எர்னஸ்ட் ஃபாபுஷ், ராபர்ட் மில்லர் ஆகிய இருவரிடம் அளிக்கப்பட்டது. ஐந்தாம் நாள் காலை வந்த நிலப்படம் 20ஆம் நாளின் நிலப்படத்தை ஒத்திருப்பதை அவர்கள் கண்டனர். தயக்கத்தோடு டொர்னேடோ எச்சரிக்கை விடுத்தனர். விமானங்கள் கொட்டகைகளுக்குள் கொண்டுசெல்லப்பட்டன. பணியாளர் பாதுகாப்பான இடங்களுக்கு மாற்றப்பட்டனர். அன்று மாலை டொர்னேடோ மீண்டும் அதே தளத்தைத் தாக்கியது. உயிர்ச்சேதம் ஏதும் இல்லை.

1952இல் அமெரிக்க வானிலைத் துறை பொதுமக்களுக்கான டொர்னேடோ முன்னறிவிப்பைத் தொடங்கியது. இன்று டொர்னேடோக்கள் கூட்டமாக வீசக்கூடிய நாளைச் சில நாள்களுக்கு முன்பே வல்லுநர் கணித்து வெளியிடுகின்றனர். வாய்ப்பு இருக்கும்போது ஓர் அறிவிப்பும், டொர்னேடோ கண்டறியப்பட்டதும் மற்றோர் அறிவிப்பும் வருகின்றன. முதல் அறிவிப்பில் குடும்பத்தார் புகலிடத்தை ஒழுங்குசெய்து, காலணி, கைவிளக்கு, வானொலி ஆகியவற்றை எடுத்து வைப்பர். இரண்டாவதில் உடனே உள்ளே செல்வர். ரேடார் வந்த பின்னும் மேகத்தின் அடிப்பகுதியைக் கண்ணால் பார்த்துச் சொல்வோரின் தேவை குறையவில்லை. ஃபின்லி கடிதம் எழுதித் திரட்டிய செய்தியாளர்களைப் போல, பயிற்சி பெற்ற தன்னார்வலர் மூன்று இலட்சத்திற்கும் மேற்பட்டோர் இன்று அந்நாடெங்கும் அப்பணியைச் செய்து வருகின்றனர்.