முன்ஷி அப்துல்லாஹ்: உழைத்து உயர்ந்த நாகூர் வழிப் பிள்ளை

கோலாலம்பூரில் மஸ்ஜிட் இந்தியாவிலிருந்து நடந்து போகும் தூரத்தில் ஜாலான் முன்ஷி அப்துல்லாஹ் என்றொரு சாலை உண்டு. கடைக்குச் சரக்கு இறக்கவும் வங்கிக்குப் போகவும் அவ்வழியே தினமும் செல்கிறோம். அந்தப் பெயருக்குரியவர் நம் இரத்த உறவுடையவர் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

ஏமன் நாட்டு அறபி ஒருவர் நாகூரில் வந்து தங்கி, அங்கேயே மணம் முடித்தார். அவருடைய மகன்களில் ஒருவரான முகம்மது இபுறாஹீம் மலாக்கா வந்து, பெரியாச்சி என்ற நம்மவர் வீட்டுப் பெண்ணை மணந்தார். அவர்கள் மகன் அப்துல் காதிர். அப்துல் காதிரின் மகனே அப்துல்லாஹ். 1796-ல் மலாக்காவின் கம்போங் பாலியில் பிறந்தார். முன்னே பிறந்த பிள்ளைகள் நால்வரும் சிறு வயதிலேயே இறந்துவிட்டபடியால், இந்த ஒரு பிள்ளையைப் பெற்றோர் கண்ணுக்குள் வைத்து வளர்த்தனர்.

ஆனால் தகப்பனார் கண்டிப்பானவர். குர்ஆன் ஓதி முடித்ததும் பிள்ளையைத் தமிழ்ப் பள்ளிக்கு அனுப்பினார். அக்காலத்து மலாக்காவில் வியாபாரக் கணக்குக்குத் தமிழ் பெரிதும் பயன்பட்டது. ஆகவே வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் தமிழ் கற்பது வழக்கம். அப்துல்லாஹ் இரண்டரை ஆண்டு கற்றார். பிறகு மலாய் எழுத்துப் பயிற்சி. தப்பினால் அடி, சரியாகச் செய்தாலும் பாராட்டு இல்லை. தகப்பனாருக்குத் தம்மீது அன்பில்லையோ என்று பிள்ளை மனம் நொந்தார்.

ஒருநாள் தகப்பனார் வீட்டில் இல்லாத நேரம். கப்பல் நகுதா ஒருவர் கடன் பத்திரம் எழுதிக்கொள்ள வந்தார். தயங்கித் தயங்கி அப்துல்லாஹ்வே எழுதினார். எழுதும்போதே தகப்பனார் வந்துவிட்டார். பிள்ளை நடுங்க, அவர் பத்திரத்தை வாங்கிப் படித்தார், புன்னகை புரிந்தார். அன்று முதல் அவ்வித வேலைகளை மகனிடமே ஒப்படைத்தார். கண்டிப்பின் உள்ளே இருந்தது என்ன என்பது பிள்ளைக்கு அன்றுதான் விளங்கிற்று.

மலாக்காக் கோட்டையிலிருந்த இந்தியச் சிப்பாய்களுக்குப் பாடம் சொன்னதால், இளம் வயதிலேயே முன்ஷி என்ற பட்டம் வந்தது. 1811-ல் ஜாவாப் படையெடுப்புக்கு முன் மலாக்காவில் தங்கியிருந்த ராபிள்ஸ் துரையிடம் எழுத்தர் வேலை செய்தார். எழுத்தர்களில் இவரே இளையவர். பாதிரிமார் அச்சகத்தில் எழுத்துக் கோக்கவும் கற்றார். அவர்கள் வேதத்தை மலாயில் பெயர்க்கவும் உதவினார். அதனால் ஊரார் அவரைப் பாதிரி அப்துல்லாஹ் என்று கேலி பேசினர். அவரோ கூலிக்கு உழைத்தாரேயன்றி, ஈமானை விற்கவில்லை. பிறரிடம் வேலை செய்தும் தம் மார்க்கத்தில் உறுதியாக நின்றது சிறிய காரியமா?

1835-ல் பஞ்சதந்திரக் கதைகளைத் தமிழிலிருந்து மலாய்க்குக் கொண்டுவந்தார். பள்ளியில் கற்ற தமிழ் வீண்போகவில்லை. 1838-ல் சிங்கப்பூர் வியாபாரிகளின் சரக்குகள் கிளந்தானில் சண்டையால் சிக்கிக்கொண்டபோது, கடிதங்களுடன் கப்பலேறிச் சென்றார். அப்பயணத்தையும் நூலாக்கினார்.

குடும்பத்தில் துக்கம் அவரை விடவில்லை. ஏழு வயதும் நிரம்பாத அருமை மகள் சித்தி லைலா இறந்தாள். உருகிப்போன மனைவியைத் தேற்றுவதற்கென்றே ஒரு சிறு நூல் எழுதிக் கொடுத்தார். 1840-ல் அந்த மனைவியும் வபாத்தானார். துக்கத்தைச் சுமந்துகொண்டே தம் வாழ்க்கை வரலாற்றை எழுதத் தொடங்கி 1843-ல் முடித்தார். 1849-ல் அச்சேறிய ஹிக்காயத் அப்துல்லாஹ் இன்றும் மலாய் இலக்கியத்தின் புதுவழிக்குத் தலைவாசல் என்று போற்றப்படுகிறது. மகன் முகம்மது இபுறாஹீம் ஜொகூர் அரசாங்கத்தில் உயர்ந்த பதவி வகித்தார்.

1854-ல் ஹஜ்ஜை நாடிச் சிங்கப்பூரிலிருந்து புறப்பட்டார். ஊர் திரும்பவில்லை, அவ்வாண்டே அப்புனித மண்ணில் வபாத்தானார். பயணக் குறிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

சகோதரர்களே! கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் கடை வைத்திருக்கும் நம் வீடுகளில், தமிழா மலாயா என்ற கேள்வி அடிக்கடி எழுகிறது. இரண்டும் வேண்டும் என்பதற்கு முன்ஷியின் வாழ்வே சாட்சி. தமிழ் அவருக்குக் கணக்கையும் கதைகளையும் தந்தது. மலாய் இந்நாட்டில் நிலையான பெயரைத் தந்தது. இன்றிரவு கடை அடைத்து வீடு சென்றதும், பிள்ளைகளை அருகில் அழைத்து இரண்டு மொழியிலும் ஒரு பக்கம் எழுதச் சொல்வோமாக. சரியாக எழுதினால், முகம் மலர்ந்து ஒரு வார்த்தை பாராட்டியும் விடுவோமாக.

அன்னாரின் பிழைகளைப் பொறுத்து, அல்லாஹ் சுவன பதவி அருள்வானாக. ஆமீன்.