4 வயதில் கேமரா முன் நின்றவர், 17 வயதில் 'ஊர்வசி' ஆனார்: நடிகை ஷோபாவின் கதை

அகரம்,

'முள்ளும் மலரும்' படத்தை டி.வி.யில் எப்போது போட்டாலும் வேலையை விட்டுட்டு உட்காருகிறவர்கள் உண்டு. கல்யாணத்துக்குப் போகிற வழியில், எல்லோரையும் விட்டுட்டு அண்ணன் ரஜினியிடமே ஓடி வரும் தங்கச்சி வள்ளிதான் ஷோபா. அப்போது அவருக்கு வயது 15தான்.

இவரது நிஜப் பெயர் மகாலட்சுமி. 1962-ல் பிறந்தார். தாயார் பிரேமா மலையாள நடிகை. நடிகர் சந்திரபாபு டைரக்ட் செய்த 'தட்டுங்கள் திறக்கப்படும்' படத்தில் 1966-ல் குழந்தை நட்சத்திரமாக அறிமுகம் ஆனார். அப்போது வயது சுமார் 4. அடுத்து மலையாளப் படங்களில் குழந்தை நட்சத்திரமாக வலம் வந்தார்.

மேக்கப் இல்லாத முகம்

1978-ல் 'உத்ராட ராத்திரி' என்ற மலையாளப் படத்தில் கதாநாயகி ஆனார். அதே ஆண்டு பாலசந்தரின் 'நிழல் நிஜமாகிறது' படத்தில் வேலைக்காரப் பெண்ணாக வந்தார். 1979-ல் 'அழியாத கோலங்கள்' படத்தில் டீச்சர்.

அதே 1979-ல் வந்த துரையின் 'பசி'தான் உச்சம். ரிக்ஷாக்காரர் மகள் குப்பம்மா. குப்பை பொறுக்கிப் பிழைப்பவள். லாரி டிரைவரிடம் ஏமாந்து போகிறாள். நம்ம தெருவுல பார்த்த பொண்ணு மாதிரியே இருந்தார். இந்தப் படத்துக்காக சிறந்த நடிகைக்கான தேசிய விருது கிடைத்தது. 'ஊர்வசி ஷோபா' என்றே பெயர் நிலைத்தது.

ஆனால் 1980 மே 1-ந்தேதி சென்னையில் அவர் தற்கொலை செய்து கொண்டார். 18 வயது கூட நிரம்பவில்லை. அவரது சாவு பற்றி ஆளுக்கு ஒண்ணு பேசினார்கள். அவர் நடித்த 'மூடுபனி' அதன் பிறகுதான் ரிலீஸ் ஆனது.

இப்போது என்ன சட்டம்?

ஷோபா நடிக்க வந்தபோது இல்லாத விதிகள் 2017-ல் வந்தன. 14 வயதுக்கு உட்பட்ட குழந்தையை சினிமா, டி.வி.யில் நடிக்க வைக்க, படப்பிடிப்பு நடக்கும் மாவட்ட கலெக்டரிடம் தயாரிப்பாளர் அனுமதி வாங்க வேண்டும். ஒரு நாளைக்கு 5 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது. ஓய்வு தராமல் தொடர்ந்து 3 மணி நேரத்துக்கு மேல் நடிக்க வைக்கக் கூடாது. சம்பளத்தில் குறைந்தது 20 சதவீதத்தை குழந்தையின் பெயரில் பேங்கில் டெபாசிட் போட வேண்டும். பிள்ளையை டி.வி.க்கு அனுப்பும் பெற்றோர் இதைக் கேட்டு வாங்கலாம்.