கால்நடையாக வந்த கால்டுவெல்

சென்னையிலிருந்து திருநெல்வேலிக்கு இன்று ஓர் இரவில் போய்விடலாம். மாலையில் ரயில் ஏறிப் படுத்தால், பொழுது விடியும்போது தாமிரபரணிக் கரையில் இறங்கலாம்.

1841-ம் ஆண்டில் ரயில் இல்லை. பஸ் இல்லை. வசதி உள்ளவர்கள் பல்லக்கில் போனார்கள். சிலர் குதிரையில் போனார்கள். மாட்டு வண்டியில் போனவர்களும் உண்டு. ஏழைகள் நடந்தார்கள்.

அந்த ஆண்டில் ஒரு வெள்ளைக்காரர் சென்னையை விட்டுத் தெற்கே புறப்பட்டார். அப்போது அவருக்கு வயது 27. துரைமார் வழக்கப்படி அவர் பல்லக்குத் தேடவில்லை. ஏழைகளைப் போலவே நடந்தார். கடலோரமாகத் தொடங்கி, காவிரி நாடு கண்டு, நீலகிரி மலை ஏறி, மதுரை வழியாகத் திருநெல்வேலிச் சீமைக்குப் போய்ச் சேர்ந்தார். ஏறத்தாழ 800 மைல் தூரம்!

அவர்தான் ராபர்ட் கால்டுவெல். தமிழ் ஒரு பெரிய மொழிக் குடும்பத்தின் மூத்த மகள் என்பதை உலக அறிஞர்கள் ஒப்புக்கொள்ளும்படி விளக்கியவர்.

ஓவியம் பயின்ற இளைஞர்

கால்டுவெல் 1814-ம் ஆண்டு மே மாதம் 7-ந் தேதி அயர்லாந்து நாட்டில் பிறந்தார். பெற்றோர் ஸ்காட்லாந்துக்காரர்கள். சிறு வயதிலேயே குடும்பம் ஸ்காட்லாந்தில் உள்ள கிளாஸ்கோ நகருக்குத் திரும்பியது.

இளமையில் அவர் டப்ளின் நகரத்தில் ஓவியம் கற்றார். பிறகு மனம் சமயப் பணியில் சென்றது. கிளாஸ்கோ பல்கலைக் கழகத்தில் சேர்ந்து படித்தார். அங்கே சாண்ட்போர்டு என்ற பேராசிரியர் கிரேக்க மொழி கற்பித்தார். ஒரு மொழியை மற்றொரு மொழியோடு ஒப்பிட்டுப் பார்க்கும் ஆசை அவரிடம் படித்தபோதுதான் கால்டுவெல்லுக்குப் பிறந்தது. கிளாஸ்கோவில் ஊன்றிய அந்த விதை தமிழ் நாட்டில் மரமாக வளர்ந்தது.

படிப்பு முடிந்ததும் லண்டன் மிஷன் சங்கம் அவரை இந்தியாவுக்கு அனுப்பியது. 1838-ம் ஆண்டு ஜனவரி 8-ந் தேதி சென்னையில் கரை இறங்கினார். உடன் வந்தவர்களில் ஒருவர் பிரௌன் துரை. தெலுங்குக்கு அகராதி செய்து புகழ் பெற்றவர் அவர். தென்னாட்டு மொழிகளைப் பற்றிய முதல் பாடம் கப்பலிலேயே கால்டுவெல்லுக்குக் கிடைத்தது.

சென்னையில் மூன்று ஆண்டுகள் தங்கித் தமிழ் படித்தார். அங்கே துரூ என்ற பாதிரியார் அவருக்குத் துணையாக இருந்தார். திருக்குறளின் ஒரு பகுதியை ஆங்கிலத்தில் பெயர்த்தவர் அவர்.

சென்னையில் ஆங்கிலம் தெரிந்தவர்கள் உண்டு. வேலைக்காரர்கள் உண்டு. அங்கேயே வசதியாக வாழ்ந்திருக்கலாம். ஆனால் நகரத்தில் இருந்தால் நாட்டு மக்களை அறிய முடியாது என்று கால்டுவெல் எண்ணினார். 1841-ல் லண்டன் மிஷன் சங்கத்தை விட்டு இங்கிலாந்துத் திருச்சபையில் சேர முடிவு செய்தார். திருநெல்வேலிச் சீமையில் பணி செய்யப் புறப்பட்டார்.

ஏன் நடந்தார்?

பல்லக்குப் பயணம் என்றால் லேசான காரியம் அல்ல. தோள் மாற்றித் தூக்கப் பத்துப் பன்னிரண்டு ஆட்கள் வேண்டும். இரவில் தீவட்டி பிடிக்க ஒருவர் வேண்டும். மூட்டை சுமக்க வேறு ஆட்கள் வேண்டும். இத்தனை பேருக்கும் கூலி, படி எல்லாம் கொடுக்க வேண்டும். பல்லக்கின் உள்ளே படுத்திருப்பவருக்கோ திரைச் சீலைதான் தெரியும். ஊர் தெரியாது. ஊராரும் கிட்டே வர மாட்டார்கள்.

நடப்பவருக்கு இந்தச் செலவு இல்லை. ஆனால் அவருக்கும் திட்டம் வேண்டும். வெயில் ஏறுமுன் நடக்க வேண்டும். உச்சி வேளையில் நிழல் பார்த்துத் தங்க வேண்டும். அடுத்த சத்திரம் எங்கே, நல்ல தண்ணீர் எங்கே என்று முதல் ஊரிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். முதுகுக்கு மேல் பாரம் கூடாது.

பருவமும் பார்க்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால், கடலோரத்து ஆறுகளைக் கடப்பது அரிது. கால்டுவெல் செப்டம்பர் மாதத்தில் நீலகிரியில் இருந்தார். ஆகவே அடைமழைக்கு முன்பே கடலோரத்தைக் கடந்துவிட்டார்.

அவர் நடந்ததற்குச் சிக்கனம் மட்டும் காரணம் அல்ல. மக்களின் பேச்சையும் பழக்க வழக்கங்களையும் நேரில் அறிய வேண்டும் என்பதே அவருடைய நோக்கம். வழி கேட்டால்கூட ஒரு புதுச் சொல் கிடைக்கும் அல்லவா? ஏட்டில் படித்த தமிழ் வேறு. கிணற்றடியிலும் சத்திரத் திண்ணையிலும் கேட்கும் தமிழ் வேறு. இரண்டும் தெரிந்தால்தான் மொழி தெரியும்.

மூன்று கொடிகள் பறந்த கரை

சோழ மண்டலக் கரை அழகானது. கிழக்கே எப்போதும் கடல் இரைந்துகொண்டே இருக்கும். மணல் மேடுகளில் பனைகள் வரிசையாக நிற்கும். உப்பளங்கள் வெள்ளை வெளேர் என்று தெரியும். கட்டுமரங்கள் அலை மேல் ஏறி இறங்கும். பாலாறு, தென்பெண்ணை, கெடிலம், வெள்ளாறு, கொள்ளிடம் என்று ஒன்றன்பின் ஒன்றாக ஆறுகள் வந்து கடலில் கலக்கும்.

அந்த நாளில் இந்தக் கரையில் மூன்று ஐரோப்பிய நாடுகளின் கொடிகள் பறந்தன. சென்னையிலும் கடலூரிலும் ஆங்கிலக் கொடி. புதுவையிலும் காரைக்காலிலும் பிரெஞ்சுக் கொடி. தரங்கம்பாடியில் டேனிஷ் கொடி. கொடிகள் மூன்று ஆனாலும், கரை நெடுகிலும் மக்கள் பேசிய மொழி ஒன்றுதான். அது தமிழ்.

இந்தக் கடலோரத்துக்கு மேற்கே, உள்நாட்டில் செஞ்சிக் கோட்டை நிற்கிறது. அதன் பக்கத்தில் உள்ள தளவானூரில், மகேந்திரவர்ம பல்லவன் பாறையைக் குடைந்து சத்ருமல்லேசுவரம் என்ற கோயிலை அமைத்தான். அது ஏழாம் நூற்றாண்டு வேலை. அந்த ஒரே கோயிலில் வடமொழிச் செய்யுளும் இருக்கிறது, தமிழ்ச் செய்யுளும் இருக்கிறது. இரண்டு மொழிகளும் பக்கத்தில் பக்கத்தில் வாழ்ந்தன. ஆனால் அவை தாயும் மகளுமா? அல்லது அடுத்த வீட்டாரா? இந்தக் கேள்விக்கு விடை தேடுவதே பிற்காலத்தில் கால்டுவெல்லின் வாழ்நாள் வேலை ஆயிற்று.

தரங்கம்பாடிக்கு அவர் போனார். 1706-ல் சீகன்பால்கு வந்து இறங்கிய ஊர் அது. அவர் அச்சுக்கூடம் வைத்துத் தமிழ்ப் புத்தகங்கள் வெளியிட்டதும் அங்கேதான். நான்கு ஆண்டுகள் கழித்து, 1845-ல், டேனிஷ்காரர்கள் அந்த ஊரை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டார்கள்.

பிறகு கடலை விட்டுக் காவிரிக் கரைக்குத் திரும்பினார். கும்பகோணம், தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி ஆகிய ஊர்களைக் கண்டார். அங்கிருந்து நீலகிரி சென்றார். உதகமண்டலத்தில் ஸ்பென்சர் அத்தியட்சர் அவருக்குத் திருச்சபைப் பட்டம் அளித்தார். பின்பு மலையிலிருந்து இறங்கி, மதுரை வழியாகத் திருநெல்வேலிச் சீமைக்கு நடந்தார். அந்த ஆண்டு முடியுமுன் இடையன்குடி என்ற சிற்றூரை அடைந்தார்.

செம்மணல் ஊர்

இடையன்குடி, திருநெல்வேலி மாவட்டத்தில் திசையன்விளைக்கு அருகில் இருக்கிறது. கடல் பக்கத்தில்தான். செக்கச் சிவந்த தேரி மணல். எங்கு பார்த்தாலும் பனை. பனை ஏறிப் பதனீர் இறக்கிப் பிழைக்கும் மக்கள். மழை குறைவு, வறுமை மிகுதி.

கால்டுவெல் அந்த ஊரைத் திருத்தி அமைத்தார். தெருக்களை நேராக வகுத்தார். கிணறு வெட்டினார். மரம் வைத்தார். பள்ளிக்கூடம் ஏற்படுத்தினார். 1844-ல் நாகர்கோவிலைச் சேர்ந்த மால்ட் பாதிரியாரின் மகள் எலைசாவை மணந்தார். அந்த அம்மையார் தமிழ் மண்ணில் வளர்ந்தவர். தமிழ் நன்றாகப் பேசுவார். அவர் பெண் குழந்தைகளுக்குப் படிப்புச் சொல்லிக் கொடுத்தார். லேஸ் பின்னும் தொழிலையும் கற்பித்தார். ஏழைப் பெண்களின் கையில் நாலு காசு சேர அது வழி செய்தது.

கால்டுவெல் அங்கே ஒரு பெரிய கோயில் கட்டத் தொடங்கினார். 1847-ல் தொடங்கிய வேலை 1880-ல்தான் முடிந்தது. முப்பத்து மூன்று ஆண்டுகள்! அவருடைய பொறுமைக்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

மூன்று, மூடு, மூரு

அவருடைய ஆராய்ச்சி எப்படிப்பட்டது? ஓர் எளிய உதாரணம் பார்ப்போம்.

தமிழில் மூன்று என்கிறோம். மலையாளத்தில் மூன்னு. தெலுங்கில் மூடு. கன்னடத்தில் மூரு. நான்கும் ஒரே முகச் சாயல். வடமொழியில் இதைத் த்ரி என்பார்கள். அதன் சாயல் வேறு. அந்த வார்த்தை ஆங்கிலத்தின் த்ரீ என்பதோடு சேருகிறது.

ஒரு சொல் ஒத்திருப்பது தற்செயலாக இருக்கலாம். ஒருவரிடம் ஒருவர் கடன் வாங்கியதாகவும் இருக்கலாம். எண்ணுப் பெயர், நான் நீ என்னும் சொற்கள், வேற்றுமை உருபு, வினைச்சொல் முடியும் முறை எல்லாமே ஒத்திருந்தால்? அது குடும்ப உறவு. இதைத்தான் கால்டுவெல் இலக்கணம் முழுவதையும் அலசிக் காட்டினார். தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம், துளு ஆகியவற்றோடு நிற்கவில்லை. நீலகிரியில் தோடரும் கோத்தரும் பேசும் மொழிகளையும், வடக்கே கோண்டு மக்களின் மொழியையும் சேர்த்து ஆராய்ந்தார். இந்த மொழிகள் வடமொழியிலிருந்து பிறந்தவை அல்ல, தனிக் குடும்பம் என்று நாட்டினார். அந்தக் குடும்பத்துக்குத் திராவிடம் என்ற பெயர் நிலைத்தது அவரால்தான்.

இந்தக் கருத்தை 1816-லேயே சென்னையில் இருந்த எல்லிஸ் துரை சுருக்கமாகச் சொல்லியிருந்தார். அதை விரித்து, உலகம் ஒப்பும்படி செய்த பெருமை கால்டுவெல்லுக்கு உரியது. அவருடைய ஒப்பிலக்கணம் 1856-ல் வெளிவந்தது. தென்னிந்தியாவில் முதல் ரயில் ஓடியதும் அதே 1856-ல்தான். ராயபுரத்திலிருந்து அது புறப்பட்டபோது, கால்நடைப் பயணத்தின் காலம் மெல்ல முடியத் தொடங்கியது. கால்நடையாக வந்தவரின் நூலோ அப்போதுதான் உலகம் சுற்றக் கிளம்பியது!

புதைந்து போன துறைமுகங்கள்

இடையன்குடியில் குடியேறிய பிறகும் அவர் கடலை மறக்கவில்லை. தாமிரபரணி கடலோடு கலக்கும் பக்கம் சென்றார். அங்கே கொற்கை என்ற சிற்றூர் இருக்கிறது. ஒரு காலத்தில் அது பாண்டியரின் பெரிய துறைமுகம். முத்துக் குளிப்புக்குப் பேர் போனது. கிரேக்கர்களும் அறிந்த ஊர். ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டல் மண் கடலைத் தள்ளிவிட்டது. இன்று கொற்கையிலிருந்து கடற்கரைக்குச் சில மைல் போக வேண்டும்.

கால்டுவெல் அங்கே மண்ணைத் தோண்டிப் பார்த்தார். முதுமக்கள் தாழிகள் கிடைத்தன. கொற்கையை விட்டுக் கடல் விலகியபின் அதன் இடத்தில் தலையெடுத்தது காயல். மார்க்கோ போலோ புகழ்ந்த துறைமுகம் இந்தப் பழைய காயலே என்று அவர் எடுத்துக் காட்டினார். அங்கே மண்ணில் கிடந்த சீனப் பீங்கான் ஓடுகளையும் அரபு நாட்டுப் பானை ஓடுகளையும் பொறுக்கிச் சேர்த்தார். உடைந்த ஓடு என்று மற்றவர் மிதித்துச் சென்றது அவருக்குச் சரித்திரம். 1881-ல் திருநெல்வேலியின் சரித்திரத்தை ஆங்கிலத்தில் எழுதினார்.

குறையும் நிறையும்

அவரிடம் குறையே இல்லை என்று சொல்ல முடியாது. 1849-ல் பனைத் தொழில் செய்த மக்களைப் பற்றி அவர் எழுதிய சிறு நூல் அவர்களைப் புண்படுத்தியது. கடும் எதிர்ப்பு எழுந்தது. பிறர் ஊரில் நெடுநாள் வாழ்ந்தாலும், பிறரைப் பற்றி எழுதும்போது பேனா தவறிவிடும் என்பதற்கு அது சான்று.

தமிழ் இலக்கியத்தின் காலத்தையும் அவர் மிகவும் பிந்தியதாகக் கணித்தார். அவர் நூல் எழுதியபோது சங்க நூல்களில் பல ஏட்டுச் சுவடியாகவே கிடந்தன. உ. வே. சாமிநாதையர் புறநானூற்றை அச்சிட்டது 1894-ல்தான். அதைக் காணக் கால்டுவெல் உயிரோடு இல்லை. பின்னால் வந்த அறிஞர்கள் அந்தக் கணக்கைத் திருத்தினார்கள். ஆனால் தமிழ் தனிக் குடும்பம் என்ற அடிப்படை அசையவில்லை.

1877-ல் அவர் அத்தியட்சர் ஆனார். நாடெங்கும் தாது வருஷப் பஞ்சம் வாட்டிய காலம் அது. பசித்தவர்களுக்குக் கஞ்சியும் உதவியும் கிடைக்கப் பாடுபட்டார். இடையில் சில முறை தாயகம் போய் வந்தாலும், இந்த மண்ணே அவருக்குச் சொந்த மண் ஆகிவிட்டது.

1891-ம் ஆண்டு ஆகஸ்டு 28-ந் தேதி கொடைக்கானலில் காலமானார். வயது 77. உடலை மலையிலிருந்து இடையன்குடிக்குக் கொண்டு வந்து, அவர் கட்டிய கோயிலிலேயே அடக்கம் செய்தார்கள்.

1968-ல் உலகத் தமிழ் மாநாடு நடந்தபோது, சென்னைக் கடற்கரையில் அவருக்குச் சிலை வைத்தார்கள். இடையன்குடியில் அவர் வாழ்ந்த வீடு இப்போது நினைவு இல்லமாக இருக்கிறது. தரங்கம்பாடி, கொற்கை, இடையன்குடி எல்லா ஊருக்கும் இன்று பஸ் போகிறது. விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அதிகச் செலவில்லாமல் போய் வரலாம். பஸ்ஸை விட்டு இறங்கியதும் கொஞ்ச தூரமாவது நடக்க வேண்டும். வழியில் நாலு பேரிடம் பேச வேண்டும். கால்டுவெல் தமிழ் நாட்டை அறிந்தது அப்படித்தான்.