சேர் சி. வி. இராமனும் ஆய்வுக்கூடத்தின் வாயிலும்

விஞ்ஞானிகளின் சரிதங்களை எழுதுவோர் அவர்கள் கண்டறிந்த உண்மைகளையே பெரிதும் போற்றுவர். ஆயின், ஆய்வுக்கூடத்தினுள் அவர்கள் எவ்வாறு புகுந்தனர், பிறர் புகுதற்கு எவ்வாறு இடங்கொடுத்தனர் என்பனவும் அறியத்தக்கனவே. இவ்விரு வகையாலும் நாம் கற்கவேண்டிய வாழ்க்கை சேர் சந்திரசேகர வெங்கட இராமனுடையது.

இராமன் 1888ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள் திருச்சிராப்பள்ளியில் பிறந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று 1907இல் எம். ஏ. பட்டம் பெற்றார். ஆராய்ச்சியையே தொழிலாகக் கொள்ளும் வழி அக்காலத்து இந்திய இளைஞர்க்கு மிக அரிதாயிருந்தது. ஆகவே நிதித்துறைத் தேர்வெழுதித் தேறி, கல்கத்தாவில் கணக்குத்துறை உத்தியோகத்தரானார். அந்நகரில் டாக்டர் மகேந்திரலால் சர்க்கார் 1876இல் நிறுவிய விஞ்ஞானக் கழகத்தின் ஆய்வுக்கூடம் அவருக்குக் கதவு திறந்தது. இரங்கூனிலும் நாகபுரியிலும் கடமையாற்றிய காலம் நீங்கலாக, அலுவலகம் செல்லுமுன் காலையிலும், மீண்டபின் இரவிலும் ஆங்கிருந்து ஆய்வு நடத்தினார்.

கல்கத்தாச் சர்வகலாசாலையை வளர்த்த சேர் ஆசுதோஷ் முகர்ஜி அவரைப் பாலித் பௌதிகப் பேராசிரியராக்க விழைந்தார். அப்பதவிக்கு வருபவர் வெளிநாடு சென்று பயிற்சி பெறல்வேண்டுமென்பது விதி. தாய்நாட்டிலேயே செய்த ஆய்வு தம் தகுதிக்குப் போதிய சான்றெனக் கொண்ட இராமன் அதற்கு இணங்க மறுத்தார். அவர்பொருட்டு விதி தளர்த்தப்பட்டது. உயர்ந்த அரசாங்க வேதனத்தைத் துறந்து, 1917இல் குறைந்த வேதனமுடைய அப்பதவியை ஏற்றார். 1928 பெப்ரவரி 28இல், கே. எஸ். கிருஷ்ணன் துணைநிற்க, சிதறிய ஒளியில் புதிய நிறக்கதிர்கள் தோன்றுதலைக் கண்டார். அக்கண்டுபிடிப்பு 1930இல் நோபல் பரிசை ஈட்டித் தந்தது.

1933இல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் முதல் இந்தியப் பணிப்பாளரானார். வாயிலில் நின்றவர் இப்பொழுது வாயிலைக் காப்பவராயினார். அவ்வாண்டே பம்பாயில் பட்டம் பெற்ற கமலா பாகவத் என்னும் நங்கை அங்கு ஆராய்ச்சி செய்ய விண்ணப்பித்தார். பெண் என்னும் காரணத்தால் இராமன் மறுத்தார். அந்நங்கை சோர்ந்து திரும்பினாரல்லர். நேரிற் சென்று நியாயங்கேட்டு உறுதியாய் நின்றார். முடிவில், ஓராண்டு சோதனையாக மட்டும் அவருக்கு இடம் கிடைத்தது. அவருடைய உழைப்பைக் கண்டு இராமன் மனம் மாறினார். பின்னர் ஏனைய பெண்களுக்கும் அக்கழகம் இடமளித்தது. கமலா 1939இல் கேம்பிரிட்ஜில் கலாநிதிப் பட்டம் பெற்று, கமலா சோஹோனி என உயிர் இரசாயனத்துறையிற் புகழெய்தினார். 1940இல் இராமனுடைய ஆய்வுக்கூடத்திற் சேர்ந்த அன்னா மாணி பிற்காலத்தில் இந்திய வானிலைத் துறையில் உயர்பதவி வகித்தார்.

1937இல் பணிப்பாளர் பதவியை விட்ட இராமன், பேராசிரியராக 1948வரை அங்கேயே பணியாற்றினார். பின்னர்த் தம் பெயரால் ஓர் ஆராய்ச்சி நிலையத்தை நிறுவி, 1970 நவம்பர் 21இல் மறையும்வரை ஆய்வைக் கைவிட்டாரல்லர்.

பயின்ற இடத்தைக் கொண்டு தம்மை அளத்தல் தகாதென்று கண்ட பெரியார், பிறந்த பாலைக் கொண்டு பிறரை அளந்தது குறையே. குறையை உணர்ந்து திருந்தியது அவர் பெருமை. எனினும், ஆடவர்க்கில்லாத சோதனையைக் கடந்தே ஒரு பெண் தன் தகுதியை நிலைநாட்ட நேர்ந்ததென்பதை நாம் மறத்தலாகாது. அச்சோதனைக்கு அஞ்சித் திரும்பிய அறிவாளர் எத்தனை பேரோ, யாரறிவார்?

நம் மாத்தளையிலேயே மிளகு, கறுவா முதலிய பயிர்களை ஆராயும் அரசாங்க நிலையம் உண்டு. அத்தகைய இடங்களை நாடி நகரத்துப் பிள்ளைகளும் தோட்டத்துப் பிள்ளைகளும், ஆணும் பெண்ணும், நாளை செல்வர். நேர்முகத் தேர்வு மேசையின் மறுபுறத்தே அமரும் பேறு நம் பழைய மாணவர் சிலர்க்கும் வாய்க்கும். அன்று அவர்கள் கையில் இருக்கவேண்டிய அளவுகோல் ஒன்றே: வந்தவர் என்ன செய்யவல்லார் என்பது.