அளவறிந்த அறிஞர் மைக்கேல் பாரடே

மதுரை மாநகரில் வாழும் நமக்கு நீர்மேல் மிதக்கும் ஒளி புதியதன்று. தைத் திங்களில், திருமலை நாயக்கர் வெட்டுவித்த வண்டியூர்த் தெப்பக்குளத்தில், மைய மண்டபத்தைச் சுற்றி விளக்கணிந்த தெப்பம் உலாவருதலை இளமை தொட்டே கண்டு வருகின்றோம். ஆயினும், நீர்மேற் செல்லும் கலத்திற்கு மின்சாரம் எங்ஙனம் கிடைக்கின்றது என்று யாம் முன்னர் எண்ணிப் பார்த்ததில்லை. கரையிலுள்ள வீட்டிற்குக் கம்பமும் கம்பியும் உண்டு. கடலிற் செல்லும் கலத்திற்கு அவை இல்லை. தனக்கு வேண்டும் மின்சாரத்தை அது தானே ஆக்கியோ சுமந்தோ செல்லல் வேண்டும்.

சென்ற விடுமுறையில் தோழர் சிலருடன் பாம்பன் சென்றிருந்தபோது, முதிய மீனவர் ஒருவர் தம் விசைப்படகில் எம்மை ஏற்றிக்கொண்டு, அதன் உறுப்புகளை அன்புடன் காட்டினார். இயந்திரத்தின் அருகில் ஒரு பாட்டரியும், அதனோடு இணைந்த இன்வெர்ட்டர் ஒன்றும் இருந்தன. 2012ஆம் ஆண்டையொட்டி நம் நாட்டில் மின்வெட்டு மிகுந்திருந்த காலத்தில் மதுரை வீடுகள் பலவற்றிற் புகுந்த அதே கருவிதான். விளக்கும், வயர்லெஸ்ஸும், வழிகாட்டும் ஜி.பி.எஸ். கருவியும் அந்தப் பாட்டரியை நம்பியே இருந்தன. ஒரு மூலையில் தேநீர் காய்ச்சுதற்கு எரிவாயு அடுப்பு இருக்கக் கண்ட எம் தோழர் ஒருவர், இன்வெர்ட்டர் இருக்க அடுப்பு எதற்கு, மின்சாரக் கெண்டி ஒன்று வைத்துக்கொள்ளலாகாதா என வினவினார். பெரியவர் நகைத்து, தேநீருக்காகப் பாட்டரியைத் தீர்த்துவிட்டால் நள்ளிரவில் விளக்கும் இராது, கரையோடு பேசுதற்கு வழியும் இராது, அதன்பின் வீடு திரும்புவது எப்படித் தம்பி என்று எம்மைக் கேட்டார். யாம் விடையின்றி நின்றோம்.

பள்ளியிற் பயிலாத அப்பெரியவர் பட்டறிவால் உணர்ந்திருந்த உண்மையை, ஏறத்தாழ 190 ஆண்டுகட்கு முன்னர் அளந்து சட்டமாக்கியவர் மைக்கேல் பாரடே. அவரும் உயர்கல்விக் கழகம் எதிலும் பயின்றவரல்லர். அவர்தம் வரலாற்றைச் சுருக்கி ஈண்டு எழுதப் புகுகின்றோம்.

பாரடே 1791ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் இலண்டனை அடுத்த நியூவிங்டன் என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் ஜேம்ஸ் கொல்லுத் தொழிலாளர், நோயால் நலிந்தவர். 1801இல் உணவுப் பண்டங்களின் விலை ஏறியபோது, சிறுவர் மைக்கேலுக்கு வாரம் ஒன்றுக்கு ஒரு ரொட்டியே கிடைத்தது. அதனை ஏழு நாட்கும் பகுத்துண்ண வேண்டிய நிலை. உள்ளதை அளந்து செலவிடும் பாடத்தைப் பத்து வயதிலேயே வறுமை அவருக்குக் கற்பித்தது எனலாம்.

எழுத்தும் சிறிது கணக்குமே கற்ற அளவில் பள்ளிப்படிப்பு முடிந்தது. பின்னர், ரிபோ என்பாரின் புத்தகக் கடையில் ஏவலாளாகச் சேர்ந்து, 1805இல் நூற்கட்டடத் தொழில் பயிலலானார். கட்டுதற்கு வந்த நூல்களைப் படித்தும் பார்த்தார். கலைக்களஞ்சியத்தில் மின்சாரம் பற்றிய கட்டுரையும், ஜேன் மார்செட் அம்மையார் எளிய நடையில் எழுதிய இரசாயன நூலும் அவர் உள்ளத்தைக் கவர்ந்தன. கையிற் கிடைத்த சிறு பொருளைக்கொண்டு மின்கருவிகள் செய்து, அந்நூல்கள் கூறுவன மெய்யோ எனச் சோதித்தார்.

1812இல், கடைக்கு வந்துபோகும் ஒருவர், ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஹம்ப்ரி டேவி என்னும் பேரறிஞர் நிகழ்த்திய பிரசங்கங்களைக் கேட்க அவருக்கு அநுமதிச் சீட்டு அளித்தார. பாரடே நான்கு பிரசங்கங்களைக் கேட்டுக் குறிப்பெடுத்து, படங்களும் வரைந்து, தம் கையாலேயே நூலாகக் கட்டி டேவிக்கு அனுப்பினார். அந்நூலே அவருக்குப் பட்டமும் பரிந்துரையும் ஆயிற்று. 1813ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் வாரம் 25 ஷில்லிங் ஊதியமும், மேன்மாடத்தில் இரண்டு அறைகளும் பெற்று டேவியின் உதவியாளரானார்.

அவ்வாண்டின் இறுதியில் டேவியுடன் ஐரோப்பியப் பயணம் மேற்கொண்டார். வழியில் டேவிக்குப் பணியாளாகவும் ஊழியஞ் செய்ய நேர்ந்தது. டேவியின் மனைவியார் அவரைச் சமமாக நடத்தவில்லை. மனம் நொந்த பாரடே திரும்பிவிடவும் எண்ணினார். ஆயினும் கற்கும் வாய்ப்பைக் கருதிப் பொறுத்துக்கொண்டார். அப்பயணத்திலேதான், 1814இல், முதன்முதலாக மின்கல அடுக்கினை ஆக்கிய வோல்டா என்னும் முதியவரை மிலான் நகரிற் கண்டார்.

1821இல் சாரா பர்னார்டு என்னும் நங்கையை மணந்தார். அவ்வாண்டிலேயே, மின்சாரம் ஓடும் கம்பி காந்தத்தைச் சுற்றிச் சுழலுமாறு செய்து காட்டினார். இன்று நம் வீட்டில் சுழலும் மின்விசிறிக்கும் மிக்ஸிக்கும் அதுவே மூதாதை. பத்தாண்டுகள் கழித்து, 1831 ஆகஸ்டு 29ஆம் நாள், அவர் செய்த ஆராய்ச்சி உலகை மாற்றியது. ஆறங்குலக் குறுக்களவுள்ள இரும்பு வளையம் ஒன்றின் இரு பக்கங்களிலும் தனித்தனியே செப்புக் கம்பிச் சுருள்களைச் சுற்றினார். ஒன்றைப் பாட்டரியோடும், மற்றதைக் காந்த ஊசி அசைந்து காட்டும் கருவியோடும் இணைத்தார். மின்சாரம் ஒரே சீராக ஓடியபோது ஊசி அசையவில்லை. மின்சாரத்தைத் தொடங்கும் கணத்திலும், நிறுத்தும் கணத்திலும் மட்டுமே அது துள்ளியது. மாறும் மின்சாரமே அடுத்த சுருளில் மின்சாரத்தை எழுப்பும் என்னும் உண்மை வெளிப்பட்டது.

பாம்பன் படகில் யாம் கண்ட இன்வெர்ட்டர் இவ்வுண்மையின்மேல் நிற்பது. பாட்டரி தருவது 12 வோல்ட் அழுத்தமுள்ள, ஒரே திசையில் ஓடும் மின்சாரம். வீட்டுக் கருவிகள் வேண்டுவதோ 230 வோல்ட் அழுத்தத்தில், நொடிக்கு 50 முறை அலையும் மின்சாரம். சீராக ஓடுவதை அப்படியே வளையத்திற் செலுத்தினால் ஒரு பயனும் இராது. ஆதலின், இன்வெர்ட்டர் அதனை விரைந்து விட்டும் தடுத்தும் திசைமாற்றியும் அலையச் செய்கின்றது. அங்ஙனம் அலைவதனை டிரான்ஸ்பார்மர் உயர்ந்த அழுத்தமாக மாற்றுகின்றது. அந்த டிரான்ஸ்பார்மர் பாரடேயின் வளையமே அன்றி வேறன்று.

அழுத்தத்தை உயர்த்தலாம், ஆயின் இருப்பினை உயர்த்த இயலுமோ? இயலாது என்பதை 1833, 1834ஆம் ஆண்டுகளில் அவர் கண்ட மின்பகுப்புச் சட்டங்கள் காட்டுகின்றன. கரைசலில் மாறுதலுறும் பொருளின் அளவும், அதனூடே சென்ற மின்சாரத்தின் அளவும் ஒன்றற்கொன்று நேர்விகிதமானவை என்பது அவற்றின் சாரம். பிரெஞ்சு அறிஞர் பிளாண்டே 1859இல் ஆக்கிய ஈயப் பாட்டரிக்கும் இச்சட்டம் பொருந்தும். ஓர் ஆம்பியர்-மணி மின்சாரம் பெறுதற்குப் பாட்டரியின் ஒவ்வோர் அறையிலும் எதிர்த்தகட்டில் ஏறத்தாழ 3.9 கிராம் ஈயம் மாறியே தீரும். எத்துணை விலையுயர்ந்த இன்வெர்ட்டர் வைத்தாலும் இக்கணக்குத் தப்பாது.

இதனைக் கொண்டு பெரியவர் கூற்றை ஆராய்ந்தோம். 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணிப் பாட்டரியில் அடங்குவது 1,800 வாட்-மணி. ஈயப் பாட்டரி நெடுநாள் உழைக்க வேண்டுமாயின் பாதிக்குமேல் எடுத்தலாகாது. எனவே செலவிடத் தக்கது 900 வாட்-மணியே. ஒரு லிட்டர் நீரைக் கொதிக்க வைக்க, இழப்பும் சேர்த்து, ஏறக்குறைய 100 வாட்-மணி வேண்டும். அதே மின்சாரம் 10 வாட் விளக்கொன்றைப் பத்து மணி நேரம், அஃதாவது ஓர் இரவு முழுதும், எரிக்கும். ஒருமுறை தேநீர் என்பது ஓர் இரவின் விளக்கு. அன்றியும், 1,500 வாட் கெண்டி இயங்கும்போது பாட்டரியினின்று 125 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அதனைத் தாங்குதற்குச் சிறுவிரற் பருமனுள்ள செப்புக் கம்பி வேண்டும். மெல்லிய கம்பியாயின் சூடேறித் தீப்பற்றும். கடல் நடுவில் தீப்பற்றிய கலத்தைவிட்டு ஓடுதற்கு இடமேது? குளிர்ப்பெட்டியோ தொடங்கும் கணத்தில், இயங்கும்போது இழுப்பதினும் பன்மடங்கு மின்சாரம் இழுக்கும். ஆகவே விளக்கு, விசிறி, வயர்லெஸ் ஆகியன கலத்திற்கு ஏற்றன. சூடாக்கும் கருவிகள் ஏலாதன.

தமிழ் மாணாக்கராகிய நமக்கு மற்றொரு செய்தியும் உண்டு. தாம் கண்ட புதியனவற்றிற்குப் பெயர் வேண்டியபோது, பாரடே தம் விருப்பம்போற் சொல் புனையவில்லை. கேம்பிரிட்ஜில் இருந்த ஹூவெல் என்னும் பன்மொழியறிஞரை அணுகிக் கலந்தார். அயான், ஆனோடு, கேதோடு என்னும் கிரேக்க வேர்ச்சொற்கள் 1834இல் அங்ஙனம் வழக்கிற்கு வந்தன. விஞ்ஞானத்திற்கு மொழியறிவு வேண்டும் என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுவதில்லை.

நீரோடும் கலத்தோடும் அவர்க்கிருந்த தொடர்பு பெரிது. 1832 ஜனவரியில் தேம்ஸ் ஆற்றின் வாட்டர்லூ பாலத்தினின்று செப்புத் தகடுகளை நீரில் இறக்கி, ஓடும் ஆற்றிலேயே மின்சாரம் எழுகின்றதா என ஆராய்ந்தார். அம்முயற்சி கைகூடவில்லை. 1838இல் யாக்கோபி என்பார் உருசிய நாட்டு நேவா ஆற்றில் பாட்டரியால் இயங்கும் படகினை ஓட்டினார். மறு ஆண்டில் அதனைப் பற்றிப் பாரடேக்கே கடிதம் எழுதினார். 1836 முதல் பாரடே கலங்கரை விளக்கங்களைக் காக்கும் டிரினிட்டி ஹவுஸ் என்னும் கழகத்திற்கு ஆலோசகராயிருந்தார். 1858இல் சவுத் போர்லாண்டு கலங்கரை விளக்கத்தில் மின்னொளி சோதிக்கப்பட்டபோது அதனை ஆராய்ந்தவரும் அவரே. 1860 பிப்ரவரியில், பனியால் வழியடைபட்டிருந்தும், 68 வயதினராகிய அவர் வேலியும் சுவரும் ஏறிக் கடந்து அவ்விளக்கத்தைப் பார்வையிடச் சென்றார். மாலுமிகளின் உயிர் ஒளியைச் சார்ந்தது என்பதனை அவர் அறிந்திருந்தார்.

தம் வலிமையின் எல்லையையும் அவர் நன்கறிந்தவர். உயர்கணிதம் அவர்க்கு வாராது, அதனை மறைத்தாரல்லர். தாம் கண்ட காந்தக் கோடுகளைக் கணிதமாக்கும் பணி பின்வந்த மாக்ஸ்வெல்லினுடையதாயிற்று. 1839ஐ அடுத்து உடல்நலம் குன்றியது, நினைவாற்றலும் குறைந்தது. அதன்பின், செய்வன யாவற்றையும் நாட்குறிப்பிற் பதிந்து, எஞ்சிய ஆற்றலை ஆராய்ச்சிக்கும் இளைஞர்க்கான கிறிஸ்துமஸ் பிரசங்கங்கட்கும் பெரிதும் செலவிட்டார். தொழிற்சாலைகட்கு ஆய்வு செய்து பெருஞ்செல்வம் ஈட்டும் வாய்ப்பினை விட்டார். வீரர் பட்டத்தையும், ராயல் சொசைட்டியின் தலைமையையும் ஏற்க மறுத்தார். தம் சிறு திருச்சபையில் மூப்பராகப் பணிபுரிதலை இவற்றினும் மேலாக மதித்தார். 1867 ஆகஸ்டு 25ஆம் நாள், விக்டோரியா அரசியார் வாழ்தற்கு அளித்த ஹாம்ப்டன் கோர்ட் இல்லத்தில் அமைதியாக உயிர்நீத்தார். ஹைகேட் இடுகாட்டில் எளிய கல்லின்கீழ்த் துயில்கின்றார்.

இன்று வேம்பநாட்டு ஏரியில் அவர் வழி தொடர்கின்றது. 2017 ஜனவரியில் வைக்கத்திற்கும் தவணக்கடவிற்கும் இடையே ஆதித்யா என்னும் படகு ஓடத் தொடங்கிற்று. 75 பேரை ஏற்றும் அப்படகின் கூரையில் வெயிலை மின்சாரமாக்கும் தகடுகள் உள. வயிற்றில் பாட்டரிகள் உள. அதுவும் வந்த வெயிலை அளந்தே செலவிடுகின்றது.

வள்ளுவர் வலியறிதல் என ஓர் அதிகாரமே வகுத்தார். அதனை அரசர்க்குரியது என்றே யாம் பாடங் கேட்டோம். பாம்பனிலிருந்து திரும்பிய பின்னர், அது கலஞ் செலுத்துவார்க்கும், கல்வி பயில்வார்க்கும் உரியது என்று தெளிந்தோம். மாணவ நண்பர்காள்! நம்மிற் பலர் எளிய குடியினின்று இக்கல்லூரிக்கு வந்தோம். நம் பொருளும் காலமும் ஆற்றலும் அளவுடையன. சிறு பாட்டரி என்று வருந்துதல் வேண்டா. எதற்கு அதனைச் செலவிடுகின்றோம் என்பதே வினா. ஒரு ரொட்டியை ஏழு நாட்குப் பகுத்த சிறுவர் உலகிற்கு ஒளி தந்தார். கரை சேருமளவும் விளக்கு எரியுமாறு நாமும் நம் இருப்பினை அளந்து செலவிடுவோமாக.